மூன்றாவது காலடி

அப்பா ஏன் விஞ்சு வேலையை விட்டேன் என்று நீங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. இடுப்பு சரியில்லை என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்திவிட்டேன். பெரியவளுக்குப் பத்து வயது ஆகிறது. சின்னவனும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். இனி எழுதி வைக்கலாம். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் வாத்தியாரிடம் காட்டாமல் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். எழுதும்போது எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது.

அப்போது நாங்கள் பாம்பூஃப்ளாட்டில் குடியிருந்தோம். பெரியவள் தொட்டிலில். காலையில் ஃபெர்ரிப் படகு பிடித்து சாத்தம் வந்து, அங்கிருந்து கப்பல் வந்து நிற்கிற ஹேடோ வார்ஃபுக்கு நடந்து போவேன். மெட்ராஸிலிருந்து இந்தத் தீவுக்கு மெயின்லேண்ட் கப்பல் வந்தால் அரிசி, சிமெண்ட், தகரம் எல்லாம் இறக்குவோம். திரும்பிப் போகிற கப்பலில் மரம் ஏற்றுவோம். கப்பலின் மேல்தட்டில் பெரிய சதுரமாக ஒரு வாய் இருக்கும். அதற்கு ஹாட்ச் என்று பெயர். அதன் ஓரத்தில்தான் விஞ்சு. இரும்புக் கயிற்றைச் சுற்றிச் சரக்கைத் தூக்குகிற, இறக்குகிற யந்திரம். கையில் ஒரு பிடி, இடது காலுக்கு ஒரு மிதிபலகை. மரக்கட்டு கீழே இறங்கும்போது மிதிபலகையை மிதித்து மிதித்துத்தான் விட வேண்டும். அதுதான் பிரேக்.

கீழே கப்பலின் வயிற்றுக்குள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து கூலிவேலைக்கு வந்த ராஞ்சிக்காரர்கள் ஆறு பேர் நின்று மரத்தை வாங்கி அடுக்குவார்கள். விஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். ஹாட்ச் விளிம்பில் நிற்கிற சிக்னல்காரரின் கையைப் பார்த்துத்தான் வேலை. எங்கள் சிக்னல்காரர் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் அந்த வார்ஃபில் ஒரு கப்பலின் அடியில் மரக்கட்டு விழுந்து ஒரு ஆள் போய்விட்டான். செருப்பே போடாதவன் என்று சொல்வார்கள். அதிலிருந்து ஹாட்சைத் திறந்ததும், ஆள் இறங்குவதற்கு முன்னால், பற்ற வைக்காத ஒரு பீடியை அவனுக்காக உள்ளே போடுவது வழக்கம். யார் போடுவது என்று கணக்கில்லை. யாராவது போட்டுவிடுவார்கள்.

எனக்கு வலி வந்தது ஒரு மழைக்காலத்தில். முதலில் இடுப்பில் ஒரு பிடிப்பு. பிறகு பின்பக்கத்திலிருந்து இடது தொடை, கெண்டைக்காலின் வெளிப்பக்கம், புறங்கால், பெருவிரல் என்று ஒரே கோடாக ஓடும். இருமினால் மின்சாரம் தொட்ட மாதிரி. ஃபெர்ரியில் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவேன். பலகைமேல் மூன்று வாரம் படுத்துப் பார்த்தேன், காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். எதற்கும் வலி கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அப்போது மாற்றலாகி வந்திருந்த எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கள் பேச்செல்லாம் தீவு இந்தியில்தான். தமிழில் எழுதுகிறேன்.

"முதுகெலும்புல ஒவ்வொரு எலும்புக்கும் நடுவுல ஒரு மெத்தை இருக்கு. அடியில இருக்கிற ஒண்ணு பிதுங்கிக்கிட்டு, காலுக்குப் போற நரம்போட வேரை அழுத்துது."

"கப்பிக்கும் தகட்டுக்கும் நடுவுல கயிறு மாட்டிக்கிட்ட மாதிரியா சாப்?"

"அதேதான். மாட்டின இடம் வீங்குது. வீங்கறதால இன்னும் இறுகுது. நான் அந்த வேரைச் சுத்தி மருந்து விடறேன். வீக்கம் வத்தும், வலி குறையும். ஆனா பிதுங்கின மெத்தையை இந்த மருந்து உள்ளே தள்ளாது. புரியுதா?"

"புரியுது சாப்" என்றேன். வலி குறையும் என்பது வரைக்கும்தான் எனக்குக் காது கேட்டது.

குப்புறப் படுக்கச் சொன்னார்கள். அடிவயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை. டாக்டர் என் பின்னால் நின்றார். என்ன செய்கிறார் என்று பார்க்க முடியாது. தட்டில் கண்ணாடி ஊசி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. வால் எலும்புக்கு மேலே ஒரு சின்ன வாசல் இருக்கிறதாம், எல்லாருக்கும் இருக்கிறதாம். விரலால் தடவித் தடவி அதைக் கண்டுபிடித்தார். முதலில் தோல் மரக்க ஒரு குத்து. பிறகு பெரிய ஊசி.

"மெதுவா விடறேன். எங்கே போகுதுன்னு சொல்லிக்கிட்டே இரு."

மருந்து இறங்க ஆரம்பித்தது. கனமாக, குளிர்ச்சியாக. பிள்ளைகளே, அது என் வலி போகிற அதே வழியில் போயிற்று. "பின்பக்கம்" என்றேன். "தொடை" என்றேன். யாரோ ஒரு ஆள் எங்கள் வீட்டுக்குள் வந்து, எந்தக் கதவு எங்கே என்று முன்பே தெரிந்தவன் மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்து போவது போல இருந்தது. "கெண்டைக்கால். புறங்கால்." பெருவிரலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. "சரியான இடத்துக்குத்தான் போயிருக்கு" என்று டாக்டர் பின்னாலிருந்து சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போயிற்று. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் படுத்திருந்தேன். எதிரே மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவு. அதில் ஒரு கால் மெல்ல மேலே எழும்பி வந்தது. கறுத்த கால், நகம் உடைந்த கால். யாருக்கோ ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் அந்த அறையில் வேறு நோயாளி யாரும் இல்லை என்பது உறைத்தது.

"அது என் காலா?" என்று கேட்டேன்.

குதிகாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்த வார்டு பாய் சிரித்தார். "உன்னுது இல்லேன்னா சொல்லு பாய், ஸ்டோர்ல வச்சிடறேன்."

நானும் சிரித்தேன். ஆனால் மத்தியானம் உணர்வு திரும்புகிற வரைக்கும் அந்தக் காலைத் தொட எனக்கு மனசு வரவில்லை.

வெளியே வரும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதினைந்தாம் நாள் வர வேண்டும். காலில் பலம் குறைந்தாலோ, ஒன்றுக்குப் போவதில் தகராறு வந்தாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும்.

மூன்றாம் நாள் வலி போய்விட்டது. குறையவில்லை, போயே போய்விட்டது. ஃபெர்ரியில் உட்கார்ந்து வந்தேன். உங்கள் அம்மா பாயசம் வைத்தாள். பதினைந்தாம் நாள் வார்ஃபில் இரண்டு கப்பல் வந்து நின்றது, நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வலியே இல்லாதவன் எதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்? அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் சத்தம் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் முதலில் கவனித்தது ஃபெர்ரி வந்து நிற்கிற பாம்பூஃப்ளாட் ஜெட்டியில். இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் என்று உங்களுக்குத் தெரியும். ஃபெர்ரியை விட்டு இறங்கி எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். நான் கடைசி. ஜெட்டிப் பலகைக்கு அடியில் தண்ணீர் என்பதால் காலடி ஒவ்வொன்றும் பானையில் தட்டின மாதிரி கேட்கும். டக். டக். தப்.

என் காலடி இரண்டு. மூன்றாவது ஒன்று இருந்தது. ஈரக்கால் பலகையில் விழுகிற மாதிரி, கொஞ்சம் தாமதமாக.

நின்றேன். அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தால் ஜெட்டி முழுக்க யாரும் இல்லை. வேகமாக நடந்தேன். டக் டக் தப், டக் டக் தப். ஓடிப் பார்க்கத் தோன்றவில்லை. ஓடினால் அதுவும் ஓடும் என்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா குரல் கொடுத்தாள். "ஏங்க, கூட யாரு வந்திருக்கா? டீ ரெண்டு பேருக்குப் போடவா?"

"யாரும் வரல."

அவள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், என் பின்னால் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். டீ வந்தபோது இரண்டு டம்ளர் இருந்தது. ஒன்றை அவளே குடித்தாள். ஆனால் முதலில் கொஞ்ச நேரம் அதை ஆறவிட்டாள்.

கப்பலிலும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். ஏணிப்படி ஏறி மேல்தட்டுக்கு வரும்போது காக்கா முகத்தைச் சுளித்தார்.

"தம்பி, ஒனக்கு முன்னாடி நான் ஒங்கூட வர்றவனுக்கு சலாம் சொல்லணும் போலிருக்கே."

"வெளையாடாதீங்க காக்கா."

"நான் எங்கப்பா வெளையாடுறேன்? அவனுக்குச் செருப்பு இல்ல, அது மட்டும் நல்லாக் கேக்குது."

ராஞ்சிக்காரர்கள் பீடியை இரண்டாகப் போட ஆரம்பித்தார்கள். நான் விஞ்சில் ஏறி உட்கார்ந்ததும் சத்தம் நின்றுவிடும். அவனும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். பகல் வெயிலில், அத்தனை பேர் நடுவில், எனக்கு இடது பக்கம் சில்லென்று இருக்கும். நிஜமாகவே இடது பக்கம்தான்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். படாக் மரக்கட்டு ஒன்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒருவருக்கு மரத்தின் அடியில் முட்டுக்கட்டை வைக்க வேண்டியிருந்ததால் காக்கா கையை மடக்கினார். நிறுத்து என்று அர்த்தம். நான் மிதித்தேன். மரம் நிற்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தேன். இரும்புக் கயிறு என் கண் முன்னாலேயே உருவிக்கொண்டு ஓடியது. காக்கா "யா அல்லா!" என்று கத்தியது கேட்டது. கைப்பிடியை எதிர்ப்பக்கம் முழுசாகத் திருப்பினேன். யந்திரம் அலறி, கப்பலே ஆடின மாதிரி ஒரு குலுக்கு. மரம் நின்றது.

கீழே ஒருவர் குனிந்தபடி இருந்தாராம். அவர் முதுகுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடம் என்றார் காக்கா.

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். அது மிதிபலகையின் மேலே இல்லை. விரல் பக்கம் பலகையின் அடியில் போய்ச் செருகிக்கொண்டிருந்தது. நான் மிதித்தது பலகையை அல்ல, தரையை. அப்படி ஒரு இடத்தில் என் கால் இருப்பது எனக்கே தெரியவில்லை. யாரும் பார்ப்பதற்கு முன்னால் கையால் தூக்கி வெளியே எடுத்தேன்.

ஃபோர்மேன் ஓடி வந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆளுக்கு ஆள் சொல்லிவிட்டார்கள். அவன்தான். அவன்தான் மிதிபலகையைப் பிடித்துக்கொண்டான். விஞ்சுக்காரன் என்ன செய்வான் பாவம். முதுகு தப்பிய ராஞ்சிக்காரர் ஏணியில் ஏறி வந்து என் தோளைத் தட்டி, "உன் தப்பு இல்லை பாய்" என்றார். வெள்ளிக்கிழமை ஹாட்ச் பக்கத்தில் தேங்காய் உடைத்துப் படையல் போடுவது, காக்கா தன் முறைப்படி ஓதுவது, அதுவரைக்கும் மரம் ஏற்ற வேண்டாம், அரிசி மட்டும் இறக்குவது என்று ஃபோர்மேனே முடிவு சொன்னார்.

நான் சும்மா இருந்தேன். அதை உங்களிடம் மறைக்கக் கூடாது. காலைப் பற்றிச் சொன்னால் விஞ்சு போய்விடும். விஞ்சு போனால் தீவில் எனக்கு வேறு என்ன தெரியும்? மூட்டை தூக்க இடுப்பு இல்லை. செத்தவன் ஒருவன் என் பழியை எடுத்துக்கொள்கிறான், எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். பேய்க்குப் பயந்ததைவிட அன்றைக்கு எனக்கு என்னைப் பார்த்துப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மழை. உங்கள் அம்மா அப்போதுதான் சிமெண்ட் தரையைத் துடைத்திருந்தாள். நான் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, அங்கே மிதித்த சேற்றுக்காலோடு அடுப்படி வரைக்கும் நடந்துவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு தரையையே பார்த்தாள்.

"இங்க வாங்க. இது உங்க வலது கால். இது இடது கால். சத்தம் இப்பவும் கேட்டுச்சு. மூணாவது காலடியோட தடம் எங்க?"

தடம் இரண்டுதான். வலது கால் சுத்தமாகப் பதிந்திருந்தது. இடது காலில் குதி பதிந்த இடத்துக்கு முன்னால் விரல்கள் தரையை இழுத்துக்கொண்டு வந்த கோடு. குதி முதலில் இறங்கியிருக்கிறது. தாங்க முடியாத முன்பாதம் அப்புறம் தனியாக விழுந்திருக்கிறது. தப்.

"ஷூவைக் கொண்டாங்க" என்றாள். கழற்றி வாசலில் விட்டிருந்த கான்வாஸ் ஷூவை வெளிச்சத்தில் கவிழ்த்தாள். உள்ளே ரத்தம் உறைந்திருந்தது. என் பெருவிரல் நகம் பாதி பிய்ந்து தொங்கியது. காலையில் மிதிபலகைக்கு அடியில் பிய்ந்தது. சாயங்காலம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

"விரலைத் தூக்குங்க."

தூக்கினேன். தூக்கினதாக நினைத்தேன். அது அப்படியே கிடந்தது, அந்த அலமாரிக் கண்ணாடியில் பார்த்த கால் மாதிரி.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது, பேய் இல்லை என்று. அதைச் சொன்னேன். "வெள்ளிக்கிழமை படையல் முடியட்டும். அப்புறம் மெதுவா டாக்டரைப் பார்த்துக்கறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"சனிக்கிழமை மரம் ஏத்துவீங்களா?"

நான் ஷூவை எடுத்து வாசலில் கொண்டுபோய் வைத்தேன்.

"அந்த ராஞ்சிக்காரர் பொண்டாட்டி குழாயடியில என் குடத்தைத் தூக்கி விடுறவ. நாளைக்கு அவ வந்து நின்னா நான் பேய் செஞ்சதுன்னு சொல்லணுமா? நீங்களே எழுதிக் குடுங்க, மனப்பாடம் பண்ணிக்கறேன்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என் பெருவிரலில் தன் விரலை வைத்து அழுத்தி, மேலே தள்ளச் சொன்னார். ஊசியால் புறங்காலில் குத்திக் குத்திக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு "இல்லை, இல்லை" என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வலி போனதும் குணமாயிட்டதுன்னு நினைச்சுட்டே. ஊசி வீக்கத்தைத்தான் வத்த வச்சது. நீ அதே விஞ்சுல உட்கார்ந்து குலுங்கினே, மெத்தை இன்னும் பிதுங்கியிருக்கு. இப்ப நரம்பு கத்தறதைக்கூட விட்டுடுச்சு."

"இன்னொரு ஊசி போடுங்க சாப்."

"ஊசி வலிக்குப் போடறது. விழுந்த பாதத்தை அது தூக்காது. அடுத்த கப்பல்ல மெட்ராஸ் போ. ஆபரேஷன் பண்ணணும். முழுசா திரும்புமான்னு கேக்காதே, நானும் சொல்ல மாட்டேன்."

வெள்ளிக்கிழமை. ஹாட்ச் ஓரத்தில் தேங்காய், பழம், ஊதுபத்தி, ஒரு கட்டு பீடி. காக்கா ஓதி முடித்துக் கையை முகத்தில் தடவிக்கொண்டார். எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். நான் ஷூவைக் கழற்றினேன்.

"அவன் ஒண்ணும் செய்யல. என் கால்தான். பத்து நாளா விரல் தூக்க வரல, எனக்கே தெரியல. நேத்து டாக்டர் பார்த்துச் சொல்லிட்டார். நான் இனிமே விஞ்சுல உட்கார மாட்டேன்."

யாரும் நம்பவில்லை. ஒருவர், "அவன்தான் காலைப் பிடிச்சிருக்கான்" என்றார். ஃபோர்மேன் கடலைப் பார்த்தார். காக்கா மட்டும், "சைத்தானே, இத்தனை நாளா என்னை அவனுக்கு சலாம் போட வச்சியே" என்றார். திட்டின வாய் கோணிக்கொண்டு போயிற்று.

முதுகு தப்பிய ராஞ்சிக்காரர் முன்னால் வந்து குத்த வைத்து உட்கார்ந்தார். என் இடது பாதத்தைத் தன் உள்ளங்கையில் வாங்கி, விரல்களின் மேல் மற்றக் கையை வைத்தார். "தூக்கு" என்றார். அத்தனை பேரும் குனிந்து பார்த்தார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் கை வெகுநேரம் காத்திருந்தது. பிறகு பாதத்தை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்து, "நாளையிலிருந்து யார் உட்காருறது?" என்று ஃபோர்மேனைக் கேட்டார். ஃபோர்மேன் ஒரு மலையாளியைக் கை காட்டினார். ராஞ்சிக்காரர் அவரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, விரலைத் தூக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ஏணியில் இறங்கினார்.

மெட்ராஸில் ஆபரேஷன் ஆயிற்று. விரல் பாதிதான் திரும்பியது, மீதியை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பல மாதம் கழித்து, வார்ஃபில் மூட்டை எண்ணி எழுதுகிற டாலி வேலை கிடைத்தது. நான் திரும்பி வந்த முதல் நாள், விஞ்சில் ஒரு புது ஆள் உட்காரப் போனார். கீழே இறங்கப் போகிறவர் ஒருவர் அவர் பாதத்தைக் கையில் வாங்கி விரலைத் தூக்கச் சொன்னார். அந்த இரண்டு பேரும் நான் போன பிறகு சேர்ந்தவர்கள். என்னை யாரென்று தெரியாது.

"இது எதுக்கு பாய்?" என்று கேட்டேன்.

பாதத்தைப் பிடித்திருந்தவர் குரலைத் தாழ்த்தி, ஹாட்சைக் கண்ணால் காட்டினார். "கீழே ஒருத்தன் இருக்கான். மேலே உட்காருறது உயிருள்ள கால்தான்னு அவனுக்குக் காட்டணும். காட்டாம உட்கார்ந்தா அவன் வந்து உட்கார்ந்துடுவான்."

நடந்ததைச் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் புது ஆள் பயந்துபோய் விரலை இன்னொரு தடவை, நன்றாக உயரத் தூக்கிக் காட்டினார். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போய்விட்டேன்.